கங்கைச் செம்பு

1. விடியற்காலைப் படகு

காசி நகரம். விடியற்காலை நேரம். கங்கைக் கரையில் அனுமன் படித்துறை.

படிகளில் தமிழ்ப் பேச்சு கேட்கிறது. இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. படகுக்காரர்களில் சிலரும் தமிழ் பேசுவார்கள்.

ஒரு வயதான அம்மா மெல்லப் படி இறங்கி வந்தார். கூடவே அவருடைய மருமகள் வந்தாள். மதுரைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாவின் கணவர் போன ஆண்டு இறந்துவிட்டார். “சாவதற்குள் ஒரு தடவை கங்கையில் முழுக வேண்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். அந்த ஆசை நிறைவேறவில்லை. அவருடைய அஸ்தியையாவது கங்கையில் சேர்க்க வேண்டும் என்று அம்மா வந்தார். நேற்று அந்தச் சடங்கு முடிந்தது.

அம்மாவின் கையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, ஒரு சின்னச் செப்புச் செம்பு. மற்றொன்று, ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கணவரின் வேட்டி, துண்டு, படத்துக்குப் போட்ட பழைய மாலை ஆகியவை இருந்தன. அவற்றை ஆற்றில் விடுவதற்காக எடுத்து வந்திருந்தார்.

“செம்பு எதற்கம்மா?” என்று படகுக்காரர் கேட்டார்.

“கங்கைத் தண்ணீர் பிடிக்கத்தான் தம்பி. பாதி ராமேசுவரம் சாமிக்கு. மீதி என் பேரனுக்கு. மூன்று வயதுப் பிள்ளை. அடிக்கடி பேதியாகிறது. தினமும் ஒரு கரண்டி கங்கைத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும்” என்றார் அம்மா.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அவள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாள். மனம் பதறியது. ஆனால் அத்தையிடம் எப்படிச் சொல்வது?

படகு கிளம்பியது.

2. கங்கை பிறந்த கதை

“கங்கை எப்படி வந்தாள் தெரியுமா?” என்று அம்மா மருமகளிடம் கேட்டார். தாமே கதையைச் சொன்னார்.

சகரன் என்று ஓர் அரசன். அவனுக்கு 60,000 பிள்ளைகள். கபில முனிவரின் கோபத்தால் அவர்கள் சாம்பலானார்கள். அந்தச் சாம்பல்மேல் கங்கை பாய்ந்தால்தான் அவர்களுக்கு நற்கதி கிடைக்கும். ஆனால் கங்கை வானத்தில் இருந்தாள். சகரனின் வம்சத்தில் வந்த பகீரதன் கடுந்தவம் செய்தான். கங்கை இறங்க ஒப்புக்கொண்டாள். அவள் வேகத்தைப் பூமி தாங்காது அல்லவா? சிவபெருமான் தம் சடையில் தாங்கிக்கொண்டார். பிறகு மெல்லத் தரையில் விட்டார்.

விடாமுயற்சியைப் ‘பகீரதப் பிரயத்தனம்’ என்று சொல்கிறோமே, அது இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். மாமல்லபுரத்தில் ஒரு பெரிய பாறைச் சிற்பம் உள்ளது. அது இந்தக் கதையையே காட்டுகிறது என்று பலர் கருதுகிறார்கள்.

இது புராணம் சொல்லும் கதை. பூகோளம் என்ன சொல்கிறது?

இமயமலையில் கங்கோத்ரி என்ற பனியாறு உள்ளது. பனியாறு என்பது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டிப் பரப்பு. அதன் முனைக்குக் கோமுகம் என்று பெயர். பசுவின் முகம் என்று பொருள். அங்கே பனி உருகி ஓர் ஆறு புறப்படுகிறது. அதன் பெயர் பாகீரதி. பகீரதன் பெயரால் வந்த பெயர். தேவப்பிரயாகையில் அது அலக்நந்தா ஆற்றுடன் சேர்கிறது. அதற்குப் பிறகுதான் கங்கை என்ற பெயர்.

ரிஷிகேசம், ஹரித்வார் வழியாகக் கங்கை சமவெளிக்கு வருகிறது. பிரயாகையில் யமுனை சேர்கிறது. காசியைத் தாண்டி, பாட்னா வழியாக வங்காளம் போகிறது. அங்கே ஒரு கிளை ஹூக்ளி என்ற பெயரில் கொல்கத்தா வழியாகக் கடலில் கலக்கிறது. பெரிய கிளை வங்கதேசத்துக்குள் போகிறது. அங்கே அதன் பெயர் பத்மா. மொத்த நீளம் சுமார் 2,525 கிலோமீட்டர்.

3. கும்பிடும் ஆறு

இந்துக்கள் கங்கையைத் தாய் என்கிறார்கள். அதில் முழுகினால் பாவம் தீரும் என்று நம்புகிறார்கள். காசியில் சுமார் 84 படித்துறைகள் உள்ளன. மணிகர்ணிகை, அரிச்சந்திரன் ஆகிய 2 படித்துறைகளில் பிணங்களை எரிக்கிறார்கள். இங்கே உடல் எரிந்தால் மோட்சம் என்பது நம்பிக்கை.

பிரயாகையில் 12 ஆண்டுக்கு ஒரு முறை கும்பமேளா நடக்கிறது. 2025-இல் நடந்த மேளாவில் 60 கோடிப் பேருக்கு மேல் நீராடினார்கள் என்று உத்தரப்பிரதேச அரசு சொன்னது.

தமிழ்நாட்டுக்கும் கங்கைக்கும் பழைய உறவு உண்டு. தீபாவளியன்று “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று கேட்கிறோம். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் ராஜேந்திர சோழன் கங்கை நீரைக் கொண்டுவரச் செய்தான். கங்கைகொண்ட சோழபுரம் என்ற ஊரையே அமைத்தான். ராமேசுவரத்துக் கடல் மணலைப் பிரயாகையில் கரைப்பதும், கங்கை நீரை எடுத்துவந்து ராமேசுவரத்தில் அபிஷேகம் செய்வதும் இன்றும் உள்ள வழக்கம். அம்மாவும் மணலைப் பிரயாகையில் கரைத்துவிட்டுத்தான் காசிக்கு வந்தார்.

4. சோறு போடும் ஆறு

“எனக்குச் சோறு போடுவதும் இந்தத் தாய்தான்” என்றார் படகுக்காரர். “என் தாத்தா படகு ஓட்டினார். என் அப்பா ஓட்டினார். நானும் ஓட்டுகிறேன்.”

அவருக்கு மட்டுமா? மீன் பிடிப்பவர், துணி வெளுப்பவர், பூ விற்பவர் என எத்தனையோ பேர் கங்கையை நம்பிப் பிழைக்கிறார்கள். வெயில் காலத்தில் ஆற்று மணலில் தர்ப்பூசணியும் வெள்ளரியும் பயிர் செய்கிறார்கள். கங்கையும் அதன் துணை ஆறுகளும் பாயும் நிலம் இந்தியாவில் கால் பங்குக்கு மேல். நாட்டு மக்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் அங்கே வாழ்கிறார்கள். நெல், கோதுமை, கரும்பு எல்லாம் அங்கே விளைகின்றன.

கங்கைக் கால்வாயின் கதையைக் கேளுங்கள். 1837, 1838 ஆண்டுகளில் வடநாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. எத்தனையோ பேர் பசியால் இறந்தார்கள். அதன் பிறகு ஹரித்வாரிலிருந்து கால்வாய் வெட்ட முடிவானது. 1842-இல் வேலை தொடங்கியது. காட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பொறுப்பேற்றார். ஹரித்வார் பூசாரிகள் எதிர்த்தார்கள். “கங்கையைச் சிறை வைக்கக் கூடாது” என்றார்கள். காட்லி அணையில் ஓர் இடைவெளி விட்டார். ஆறு தடையில்லாமல் ஓட வழி செய்தார். படித்துறைகளையும் செப்பனிட்டுத் தந்தார். 1854-இல் கால்வாய் திறக்கப்பட்டது. இன்றும் அது வயல்களுக்குப் பாய்கிறது.

கும்பிடுகிறவருக்கும் ஆறு வேண்டும். உழுகிறவருக்கும் ஆறு வேண்டும். இருவரும் பேசி ஒரு வழி கண்டார்கள்.

5. ஆற்றில் கலப்பது என்ன?

படகு கரையை ஒட்டித் தெற்கே போனது. எதிர்க்கரையில் மணல்வெளி. அதற்கு மேலே சூரியன் எழுந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ஒரு கையால் தண்ணீரை அள்ளினார். வாயருகே கொண்டுபோனார்.

“அம்மா, குடிக்காதீர்கள்!” என்றார் படகுக்காரர்.

அம்மா திடுக்கிட்டார். “என்ன தம்பி, இப்படிச் சொல்கிறாய்? கங்கை கெட்டுப்போகுமா?”

“நான் தினமும் இவளைக் கும்பிடுகிறேன் அம்மா. கும்பிடாமல் துடுப்பைத் தொட மாட்டேன். ஆனால் குடிக்க மாட்டேன். என் தாத்தா குடித்தார். அப்போது ஊர் சின்னது. இப்போது ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது?”

அவர் கையை நீட்டித் தெற்கே காட்டினார். அந்தப் பக்கம் அசி என்ற சிற்றாறு வந்து சேர்கிறது. வடக்கே வருணை என்ற ஆறு சேர்கிறது. வருணை, அசி ஆகிய இரண்டு பெயர்களும் சேர்ந்துதான் வாரணாசி என்ற பெயர் வந்தது என்பார்கள். அந்தப் புனிதமான அசி இன்று சாக்கடை போல ஓடுகிறது.

காசி மட்டும் அல்ல. கங்கைக் கரையில் பெரிய நகரங்கள் பல உள்ளன. வீட்டுக் கழிவும் மலமும் ஆற்றில் கலக்கின்றன. கான்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் உள்ளன. அவற்றின் ரசாயனக் கழிவும் கலந்தது. அணைகளும் கால்வாய்களும் நீரை எடுத்துக்கொள்வதால் வெயில் காலத்தில் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்தால் அழுக்கின் அளவு கூடுகிறது.

“கங்கை நீர் கெடாது என்று பெரியவர்கள் சொன்னது பொய்யா அண்ணே?” என்று மருமகள் கேட்டாள்.

பொய் அல்ல. அதில் ஓர் உண்மை உண்டு. 1896-இல் ஹான்கின் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். காலராக் கிருமிகள் கங்கை நீரிலும் யமுனை நீரிலும் சில மணி நேரத்தில் சாவதைக் கண்டார். கிருமியைத் தாக்கி அழிக்கும் மிக நுண்ணிய உயிர்கள் நீரில் இருப்பதே காரணம் என்று பிறகு பலர் கருதினார்கள். ஆனால் அவை எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. பல நகரங்களின் சாக்கடையை அவற்றால் சமாளிக்க முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 100 மில்லிலிட்டர் என்பது ஒரு சின்ன டம்ளர் அளவு. குளிக்கும் ஆற்று நீரில் இந்த அளவில் மலக்கிருமிகள் 2,500-க்கு மேல் இருக்கக் கூடாது. இது அரசு விதி. குடிநீரில்? ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆகவே குளிக்கத் தகுந்த நீர் எல்லாம் குடிக்கத் தகுந்த நீர் ஆகாது.

“எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். என் தங்கை. இரண்டு வயதில் பேதி வந்து போய்விட்டாள்” என்றார் படகுக்காரர். “உங்கள் பேரனுக்கு இதைக் கொடுக்காதீர்கள் அம்மா. பாவத்தைக் கங்கை கரைப்பாள். சாக்கடையை யார் கரைப்பது?”

அம்மா ஒன்றும் பேசவில்லை. அள்ளிய தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்.

6. பூசாரியும் அவரே, பொறியாளரும் அவரே

படகு துளசி படித்துறைக்கு வந்தது. பக்கத்தில் ஒரு பெரிய நீரேற்று நிலையம் தெரிந்தது. காசி நகரத்தின் குடிநீரில் ஒரு பங்கு இங்கேதான் ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அதைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். சாக்கடை விழுவதும் இதே ஆறு. குடிக்க எடுப்பதும் இதே ஆறு.

துளசி படித்துறையில் வீர பத்ர மிஸ்ரா என்ற பெரியவர் வாழ்ந்தார். சங்கட மோசன் அனுமன் கோயிலின் தலைமைப் பூசாரி அவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். நீரின் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லித்தரும் பொறியாளர்.

பூசாரியாக அவர் தினமும் கங்கையில் நீராடினார். பொறியாளராக அதே நீரைச் சோதித்துப் பார்த்தார். அது கெட்டுவிட்டது என்பதை மறைக்கவில்லை. 1982-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆற்று நீரைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வைத்தார். “கங்கையைச் சுத்தம் செய்யுங்கள்” என்று அரசை வலியுறுத்தினார். 2013-இல் காலமாகும் வரை அந்த வேலையை விடவில்லை.

கங்கை அழுக்கு என்று சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் வரும். பெற்ற தாயை அழுக்கு என்று யாராவது சொல்வார்களா? தாயின் உடம்பில் அழுக்குப் பட்டால் பிள்ளைகள்தான் துடைக்க வேண்டும். அந்தப் பெரியவரின் வாழ்க்கை இதைத்தான் காட்டியது.

7. என்ன செய்தார்கள்? என்ன பாக்கி?

1986-இல் கங்கைச் செயல்திட்டம் காசியில் தொடங்கியது. சாக்கடை நீரைச் சுத்திகரிக்க நிலையங்கள் கட்டினார்கள். அவை போதவில்லை. ஊர் வளர்ந்த வேகத்துக்கு வேலை நடக்கவில்லை. மின்சாரம் நின்றால் பம்புகளும் நின்றன.

மேத்தா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கழிவைச் சுத்தம் செய்யாத கான்பூர்த் தோல் தொழிற்சாலைகளை மூடும்படி 1987-இல் தீர்ப்பு வந்தது.

2008-இல் கங்கை தேசிய ஆறு என்று அறிவிக்கப்பட்டது. 2014-இல் ‘நமாமி கங்கே’ என்ற திட்டம் தொடங்கியது. ‘கங்கையை வணங்குகிறேன்’ என்று அதற்குப் பொருள். 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கான்பூரில் சீசாமாவ் என்ற பெரிய சாக்கடை 100 ஆண்டுகளுக்கு மேலாகக் கங்கையில் விழுந்துகொண்டிருந்தது. 2018-இல் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டது.

அதே 2018-இல் ஒரு துயரமும் நடந்தது. ஜி.டி. அகர்வால் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்து, பின் துறவியானவர். கங்கை தடையில்லாமல் ஓட வேண்டும் என்று 111 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அதிலேயே உயிர் விட்டார்.

சற்றுத் தள்ளி, தண்ணீர் ‘புஸ்’ என்று சீறியது. சாம்பல் நிற முதுகு ஒன்று வளைந்து மறைந்தது. “சூன்ஸ்! சூன்ஸ்!” என்று படகுக்காரர் மகிழ்ச்சியுடன் கூவினார். அது கங்கை டால்பின். அதற்குக் கண் பார்வை அநேகமாக இல்லை. ஒலியை வைத்தே வழி அறியும். 2009-இல் அதை நாட்டின் நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். 2025-இல் வெளியான கணக்குப்படி இந்திய ஆறுகளில் 6,327 ஆற்று டால்பின்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே கங்கை டால்பின்கள்தான். ஆறு பிழைத்தால் அதுவும் பிழைக்கும்.

வேலை நடக்கிறது. ஆனால் முடியவில்லை. பல ஊர்களின் சாக்கடை இன்னும் ஆற்றில் விழுகிறது.

8. செம்பும் பையும்

படகு திரும்பியது. அம்மா செம்பை ஆற்றில் அமுக்கினார். தண்ணீர் நிறைந்தது. மூடியைப் போட்டு இறுக்கினார்.

“தாயி, இது முழுவதும் ராமேசுவரம் சாமிக்கு. மிச்சம் இருந்தால் பூசை அறையில் இருக்கட்டும். பிள்ளைக்கு வேண்டாம்” என்றார்.

மருமகளின் கண் கலங்கியது. “சரி அத்தை” என்றாள். “பேதியானால் என்ன கொடுக்க வேண்டும் என்று ஊர் செவிலியர் அக்கா சொல்லித் தந்திருக்கிறார்.”

“என்ன சொன்னார்?” என்று படகுக்காரரும் ஆவலோடு கேட்டார்.

“தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு நிமிடமாவது கொதித்த பிறகு இறக்கி, மூடி ஆறவைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் 1 லிட்டருக்குத் தலை தட்டிய 6 சிறு கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைச் சிறு கரண்டி உப்பு போட்டுக் கலக்க வேண்டும். அதை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.”

“அப்படியானால் கங்கைத் தண்ணீரையும் கொதிக்க வைத்துக் கொடுக்கலாமே?” என்றார் அம்மா.

“கொதித்தால் கிருமி சாகும் அத்தை. தோல் தொழிற்சாலை ரசாயனம் போகாதே.”

அம்மா தலையை ஆட்டினார். மடியில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். கணவரின் வேட்டியைத் தடவினார். ஆற்றில் போடவில்லை.

கரைக்கு வந்ததும் வேட்டியையும் துண்டையும் படியில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவருக்குத் தானமாகக் கொடுத்தார். அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டார். வாடிய மாலையையும் பையையும் மருமகள் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

“காசிக்கு வந்தால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டுப் போக வேண்டுமே. நீங்கள் எதை விட்டீர்கள் அம்மா? கத்தரிக்காயா, மாம்பழமா?” என்று படகுக்காரர் சிரித்தபடி கேட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எங்கள் ஊரில் வைகை ஓடுகிறது தம்பி. ஆடிப்பெருக்கு என்றால் பையோடு அப்படியே தூக்கி ஆற்றில் போடுவேன். அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட்டேன்.”

படி ஏறும்போது செம்பை மருமகள் வாங்கிக்கொண்டாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார்.

புதிய சொற்கள்

பனியாறு – மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டிப் பரப்பு
சுத்திகரிப்பு – அழுக்கு நீக்குதல்
அஸ்தி – எரித்த பின் எடுக்கும் எலும்பும் சாம்பலும்
படித்துறை – ஆற்றில் இறங்கப் படிகள் கட்டிய இடம்

விடை சொல்லுங்கள்

1. பாகீரதியுடன் எந்த ஆறு சேர்ந்த பிறகு கங்கை என்ற பெயர் வருகிறது?
2. கங்கைக் கால்வாய் வெட்டியபோது பூசாரிகள் ஏன் எதிர்த்தார்கள்? காட்லி என்ன செய்தார்?
3. குளிக்கும் நீருக்கும் குடிநீருக்கும் அரசு விதியில் என்ன வேறுபாடு?
4. அம்மா காசியில் எதை விட்டுவிட்டு வந்தார்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊர் ஆறு, குளம், ஏரி எது? அதை எப்போது கும்பிடுகிறீர்கள்? அதில் என்னென்ன கலக்கிறது? ஊர்ச் சாக்கடை எங்கே போய் முடிகிறது? ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து நடந்து போய்ப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டுங்கள்.